ரெண்டாம் சேனை

அய்யய்யோ, குடுத்துராதீங்க! அந்தப் பிஸ்கட்ட உள்ள வைங்க தாயி, கோவிச்சுக்காதீங்க. இவன் எதப் பாத்தாலும் கைய நீட்டுவான். நீங்க ஆசையாத்தான் குடுக்குறீங்க, தெரியுது. ஆனா இவனுக்குப் பால் ஆகாது. பால் சேந்த பண்டம் எதுவுமே ஆகாது. ஒரு துணுக்கு உள்ள போனாப் போதும், உதடு பணியாரமா உப்பிரும், உடம்பெல்லாம் தடிச்சிரும். முந்தாநாளு மூச்சே இழுத்துருச்சு. ஆம்புலன்சுல தூக்கிப் போட்டு ஓடி, ஊசி போட்டு, நேத்துச் சாயங்காலம்தான் ஆஸ்பத்திரிய விட்டு அனுப்புனாங்க. இன்னொரு தடவ இப்பிடி வந்தா என்னால ஒண்ணும் சொல்ல முடியாது பாத்துக்கன்னு டாக்டரம்மா மூஞ்சிக்கு நேரா சொல்லிருச்சு.

நாங்க யாருன்னு கேட்டா சிரிப்பீங்க. ஸ்ரீவில்லிபுத்தூரு. பால்கோவா போடுற வீடு. ஆமா! விடிஞ்சாப் பாலு, பொழுது அடஞ்சாப் பாலு. மாமனாரு காலத்துல இருந்து அந்தச் சட்டிதான் எங்களுக்குச் சோறு போடுது. அந்த வீட்டுல பொறந்த ஆம்பளப்பிள்ளைக்குப் பால் ஒத்துக்கலையாம். சாமிக்கு எங்க மேல இம்புட்டு நையாண்டி.

நீங்க சாத்தூரா? நான் அதுக்கு முந்துன விலக்கு ஸ்டாப்புல பஸ்ஸ விட்டு எறங்கணும். அங்க ஒருத்திய வீட்டுக்குக் கூட்டிட்டு வரணும். எங்க ஓரகத்தி, எங்க வீட்டுக்காரரு தம்பி பொண்டாட்டி, அனுசுயான்னு பேரு. கோவிச்சுக்கிட்டு அம்மா வீட்டுல போய் உக்காந்துருக்கா. கெஞ்சறதுக்கெல்லாம் போகல, சொல்லிப்புட்டேன். நான் மூத்தவ, அவ எளையவ. போனமா, கெளம்புடீன்னமா, வந்தமான்னு இருக்கணும். இந்தப் பையில கருப்பட்டி மிட்டாய் இருக்கு. அவளுக்குன்னு வாங்கல, வெறுங்கையோட ஒரு வீட்டுக்குப் போகக் கூடாதுல்ல. வீட்டுல கோவா மலையாக் கெடக்கு, ஆனா அவ அதத் தொட மாட்டா. ஏன்னு சொல்றேன்.

எனக்கு அவ மேல பொறாமைன்னு தெருவே சொல்லுது. எனக்கென்ன தாயி பொறாம? அவகிட்ட அப்பிடி என்ன இருக்கு? நெறமா? மாநிறம்தான். முடின்னு சொல்லுவாங்க, இடுப்புக்குக் கீழ தொங்கும். சவுரியா இருக்கும்னு நெனச்சு ஒருநா தலை பின்னிவிடுற சாக்குல இழுத்தே பாத்துட்டேன். சொந்த முடிதான். இருந்துட்டுப் போகுது, முடியா சோறு போடும்?

எனக்குக் கல்யாணமாகி வருசக்கணக்கா வயித்துல ஒண்ணும் தங்கல. ஆடிப்பூரத்துக்குத் தேர் வடத்தத் தொட்டுக் கும்பிட்டுக் கும்பிட்டு என் உள்ளங்கை காச்சுப் போச்சு. அவ நேத்து வந்தவ. வந்து கால் ஊனுறதுக்குள்ள மசக்க. அவ ஓங்கரிச்சா வீடே செம்பத் தூக்கிட்டு ஓடும். அதுக்குப் பெறகுதான் எனக்கும் தங்குச்சு. அதையாவது எம் புண்ணியம்னு சொன்னாங்களா? 'அனுசுயா வந்த நேரம், மூத்தவளுக்கும் தெறந்துருச்சு'ன்னு சொன்னாங்க. நான் பத்து மாசம் சொமக்குறேன், நேரம் மட்டும் அவளோடதாம்!

அவளுக்கு மொதல்ல பொம்பளப்பிள்ள. கொஞ்ச நாள் கழிச்சு இவன். இவன் பொறந்த அன்னைக்கு எனக்கு டைபாய்டு காச்ச தலைக்கு ஏறிருச்சு. கண்ணத் தெறக்கல. உங்க பக்கம் சேனை வைக்கிற பழக்கம் உண்டா? பொறந்த பிள்ள நாக்குல மொதமொதல்ல சீனித்தண்ணிய விரல்ல தொட்டு வப்பாங்கல்ல, அதான். யாரு தொட்டு வைக்கிறாங்களோ அவுக குணம் பிள்ளைக்கு வந்துரும்னு சொல்லுவாங்க. அதனால பாத்துப் பாத்து ஆள் வைப்போம். நான் எங்க அண்ணன வரச் சொல்லியிருந்தேன், தங்கமான மனுசன். அவன் பஸ்ஸுல வந்துக்கிட்டே இருக்கான். அதுக்குள்ள கைப்பிள்ளக்காரி இந்த அனுசுயாவுக்கு என்ன அவசரம்? 'பிள்ளைக்கு நாக்கு காயுது, அழுகுறான்'னு சொல்லி அவளே தொட்டு வச்சுட்டா.

அவ்வளவுதான், போச்சா? அதுல இருந்து இவன் சிரிச்சா 'அனுசுயா சேனை, அதான் சிரிச்ச மொகம்'. அழுகாமத் தூங்குனா 'அனுசுயா பொறுமை'. வீல்னு கத்தி ஊரக் கூட்டுனா மட்டும் 'காளீஸ்வரி பெத்த பிள்ளைல்ல'ன்னு எம் பேரு வரும்.

காச்ச எறங்கி நான் எந்திரிச்சப்ப மாரு வத்திப் போச்சு. பூண்டு தின்னேன், பால்சுறா தின்னேன், முருங்கக்கீரைய ஆடு மாதிரி தின்னேன். ம்ஹூம். சரின்னு டப்பாப் பால் கலக்கிக் குடுத்தோம். நான்தான் மடியில போட்டுக் குடுத்தேன். பாட்டில் பாதி கூட எறங்கல, உதட்டச் சுத்திச் செவந்துச்சு. நான் பாத்துக்கிட்டே இருக்கேன், கன்னம் தடிக்குது, கண்ணு ரெண்டும் மூடிக்கிருச்சு. குடிச்சதெல்லாம் பீச்சி அடிச்சான். திரும்பிப் பாக்குறேன், வாசப்படில அவ நிக்கிறா. வச்ச கண்ணு வாங்காமப் பாத்துக்கிட்டு நிக்கிறா. இது கண்ணுதான்னு எனக்குத் தோணிருச்சு. உப்பு, மொளகா, அவ காலடி மண்ணு எல்லாம் எடுத்துச் சுத்திப் போட்டேன். மொளகா நெடியே வரல தாயி! நெடி வரலைன்னா திருஷ்டி இருக்குன்னு அர்த்தமா இல்லியா?

அவதான் 'அக்கா, மொளகாய அப்பறம் பாப்போம், ஆட்டோ நிக்குது'ன்னு பிள்ளையப் புடுங்கிட்டு ஓடுனா. எம் பிள்ளைய நான் தூக்க மாட்டனா? செருப்புக் கூடப் போடாம அவ பின்னாடி ஓடுனேன்.

டாக்டரம்மா சொன்னது இதுதான். மாட்டுப்பால் இவனுக்கு ஒத்துக்கல. டப்பாவுல இருக்கிறதும் மாட்டுப்பால்தானாம். பாலு, தயிரு, மோரு, நெய்யி, வெண்ணெய், பாலாட, பிஸ்கட், ரொட்டி, ஒண்ணும் ஆகாது. பெரியவனா ஆனா சரியாப் போகலாம், அதுவரைக்கும் கண்ணுல வெளக்கெண்ணெய ஊத்திக்கிட்டுப் பாக்கணும்னுச்சு. பால் சேராத டப்பா ஒண்ணு எழுதிக் குடுத்துச்சு. வாயில வச்சதும் துப்பிட்டான். நானும் நக்கிப் பாத்தேன், வேப்பங்கொட்டைய அரச்ச மாதிரி ஒரு கசப்பு. பிள்ள ரெண்டு நாளா ஒண்ணும் குடிக்காமத் துவண்டு கெடந்தான்.

அப்ப அவ என்ன செஞ்சா தெரியுமா? ஒரு வார்த்த கேக்கல. தூக்குனா, உள்ள போனா, கதவச் சாத்திக்கிட்டா. ஒரு பக்கம் அவ மக, ஒரு பக்கம் எம் மகன்.

பிள்ள மொடக்கு மொடக்குன்னு குடிக்கிற சத்தம் இருக்குல்ல? அது செவத்துக்கு அந்தப் பக்கம் இருந்து வரும் தாயி. இந்தப் பக்கம் நான் உக்காந்துருப்பேன். எனக்கு வயிறு எரியும். பொய் சொல்லக் கூடாது, எரிஞ்சுச்சு. பிள்ள வயிறு நெறயுதேன்னு சந்தோசப்படணும்ல? பட்டேன். பட்டுக்கிட்டேதான் எரிஞ்சேன்.

அதுலயும் டாக்டரம்மா ஒண்ணு சொல்லிருச்சு. குடுக்குறவ பால் குடிச்சா அது அவ தாய்ப்பால் வழியா இவனுக்குப் போகும், அதனால அவளும் பாலத் தொடக் கூடாதுன்னு. அவ டீப் பைத்தியம். ஒரு நாளைக்கு எத்தன டீ குடிப்பான்னு கணக்கே இல்ல. தயிர் இல்லாமச் சோறு எறங்காது. அவ அன்னையோட விட்டுட்டா. கடுங்காப்பி, ரசம், கருவாடு. கோவாச் சட்டி கொதிக்கிற வீட்டுல மூக்கப் பொத்திக்கிட்டு ஒருத்தி கடுங்காப்பி குடிக்கிறா! அதப் பாத்துத் தெருவே உருகிப் போச்சு. பக்கத்து வீட்டு ரோஸ்மேரி டீச்சர் வந்து, 'ஊரார் பிள்ளைய ஊட்டி வளத்தா தன் பிள்ள தானா வளரும் அனுசுயா, ஒம் மக நல்லா இருப்பா'ன்னு சொல்லி அவ கன்னத்தத் தடவுது. எனக்குச் சுருக்குன்னுச்சு. எம் பிள்ள எப்ப ஊரார் பிள்ள ஆனான்? அந்தப் பழமொழில பெத்தவ எங்க இருக்கான்னு நீங்களே சொல்லுங்க. ஊட்டுறவளுக்குத்தான பேரு!

நானும் சும்மா இல்ல. காவல் காத்தேன். எங்க வீட்டுக்காரரு பால் கேன் தூக்குன கையோட பிள்ளையத் தொட வந்தாருன்னா, 'முழங்கை வரைக்கும் சோப்பு போட்டுட்டு வாங்க'ன்னு வெரட்டிருவேன். அவரு பாவம், நடு வீட்டுல கைய ஏந்திக்கிட்டு நிப்பாரு. ஆனா காவக்காரிய யாரு கொஞ்சுறா? இவன் அவளத்தான் தேடுவான். அவ கொலுசுச் சத்தம் கேட்டாக் கழுத்தத் திருப்புவான். நான் தூக்குனா என் ரவிக்கைய மோந்து பாத்துட்டு மொகத்த அந்தப் பக்கம் வச்சுக்குவான். பெத்தவள மோந்து பாத்து வேணாங்குறான் தாயி.

எல்லாம் அந்தச் சேனை செஞ்ச வேல. அப்பத்தான் எனக்கு ஒரு ரோசன வந்துச்சு. வச்சது அவ சேனை. அத மாத்தி நான் ஒண்ணு வச்சா என்ன? பெத்தவ வச்சா எந்தச் சாமி கோவிக்கும்? ஒருத்தருக்கும் சொல்லல, சொன்னாச் சிரிப்பாங்க. காலையில மொதச் சட்டி எறக்குனதும் கரண்டி நுனியில கோவா ஒட்டியிருக்கும்ல, சூடா, பொன்னு நெறத்துல. அத இந்த விரல்ல நகக்கண்ணு அளவு எடுத்து இவன் நாக்குல வச்சேன். ஆத்தாடி, கண்ண விரிச்சான் பாருங்க! என்னயத்தான் பாத்தான். அவ கொலுசு போட்டுக்கிட்டு அந்தப் பக்கம் போறா, இவன் திரும்பல. என் விரலப் பிடிச்சுக்கிட்டு விடல. அந்தச் செத்த நேரம் அவன் எனக்கு மட்டும் பிள்ளையா இருந்தான். அதுல இருந்து தெனமும் காலையில தொட்டு வச்சுருவேன். வச்சுட்டு அவகிட்ட குடிக்க அனுப்புவேன். சேனைதான, அது என்ன பண்ணும்?

இப்பக் கேளுங்க அவ யோக்கியதைய. நல்லா இருந்த பிள்ளைக்கு மறுபடி தடிப்பு வர ஆரம்பிச்சுது. அவகிட்ட குடிச்சுட்டு வருவான், கொஞ்ச நேரத்துல கழுத்தெல்லாம் செவந்துரும். எனக்கு உடனே வெளங்கிருச்சு. கள்ளி, ஒளிஞ்சுக்கிட்டு டீக் குடிக்கிறா! வெளிய பத்தினி வேசம், உள்ள பாலாட. எனக்கு உள்ளுக்குள்ள ஒரு குளுமை தாயி, என்னன்னு சொல்ல. தெருவுக்கே இவ லட்சணம் தெரியட்டும்னு காத்துக்கிட்டு இருந்தேன்.

ஒருநா மத்தியானம் அடுப்படிக்குள்ள போறேன், டம்ளர்ல வெள்ளையா என்னத்தையோ மடக் மடக்குன்னு குடிக்கிறா. பிடிச்சேன் கைய! இழுத்துட்டு வாசலுக்கு வந்துட்டேன். வாங்க எல்லாரும், எம் பிள்ளையக் கொல்ல வந்தவளப் பாருங்கன்னு கத்துனேன். அவ கத்தல. டம்ளர என் மூக்குகிட்டக் கொண்டுவந்து, 'மோந்து பாருங்கக்கா. வடிச்ச கஞ்சி. வெளுத்ததெல்லாம் பாலா?'ன்னு கேட்டா.

மோந்தேன். கஞ்சிதான். அதனால என்ன? கஞ்சிக்கு முந்தி என்னத்தக் குடிச்சாளோ! நான் விடல. அவ மக தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணச் சொன்னேன். அவ எம் மகன் தலையிலயும் சேத்து ரெண்டு கையையும் வச்சு, 'இந்த ரெண்டு பிள்ள மேல சத்தியமா நான் தொடலக்கா'ன்னா. அதுக்கும் நான் என்ன சொன்னேன்னா... சரி விடுங்க, கோவத்துல வாய் நீண்டுரும். கொழுந்தன் அத நின்னு கேட்டுக்கிட்டு இருந்துருக்காரு. அன்னைக்கே பொண்டாட்டி பிள்ளையக் கூட்டிட்டு மாமியார் வீட்டுக்குப் பஸ் ஏறிட்டாரு. எங்க வீட்டுக்காரரு சட்டிகிட்ட இருந்து எந்திரிச்சு வந்து, 'பிள்ளைக்குப் பால்தான் ஒத்துக்கல, ஒனக்கு மனுசரே ஒத்துக்கல'ன்னு சொல்லிட்டு மறுபடி கிண்டப் போயிட்டாரு. எம் பக்கம் பேச ஒரு நாதி இல்ல.

அவ போனதுல இருந்து அரிசிக் கஞ்சியும் அந்தக் கசப்பு டப்பாவும்தான். பிடிச்சு வச்சு ஊத்துனேன். இவன் பாதியாப் போயிட்டான், கைய பாருங்க, முருங்கக்காயாட்டம். ஆனா ஒண்ணு, அவ போயும் தடிப்பு நிக்கல. அவ பால் இன்னும் ஒடம்புல கெடக்கும்போலன்னு நெனச்சேன். முந்தாநாள் காலையில இவன் அழுத அழுக சொல்லி முடியாது. வாசலப் பாத்து, அந்தக் கொலுசுக்காரியத் தேடி அழுகுறான். எனக்கு மனசு கேக்கல. எப்பவும் வைக்கிறதவிட கொஞ்சம் கூடவே தொட்டு வச்சேன், சப்புக் கொட்டிட்டுச் சிரிச்சான். அப்பறம்தான் கஞ்சி குடுத்தேன். கஞ்சி எறங்கல, மூச்சு இழுக்க ஆரம்பிச்சிருச்சு. ஒதடெல்லாம் நீலம் பாரிச்சுப் போச்சு தாயி. எம் மடியிலயே.

டாக்டரம்மா திரும்பத் திரும்பக் கேக்குது, 'கஞ்சியத் தவிர வேற என்ன குடுத்தீங்க, வேற என்ன குடுத்தீங்க'ன்னு. ஒண்ணுமே குடுக்கலம்மான்னேன். உண்மைதான? சேனைய யாராவது சாப்பாட்டுல சேப்பாங்களா? இன்னைக்குக் காலையிலதான் எங்க வீட்டுக்காரரு சொன்னாரு, போயி அனுசுயாவக் கூட்டிட்டு வராமத் திரும்ப வீட்டுப் படி ஏறாதேன்னு. பிள்ள பொழைக்கணும்ல. அதான் கெளம்பிட்டேன். அவளுக்காக இல்ல.

பாலம் வந்துருச்சா? அப்ப அடுத்து நம்ம விலக்குதான். இருங்க, அதுக்கு முந்தி ஒரு வேல இருக்கு. அந்தப் பையக் கொஞ்சம் எடுங்க. உள்ள ஒரு குங்குமச் சிமிழ் இருக்கும். குங்குமம் இல்ல, காலையில எடுத்த கோவா. அவ கைக்குப் போறதுக்கு முந்தி ஒரு தடவ தொட்டு வச்சுட்டா, அவ மடியில கெடந்தாலும் என் நெனப்பு இருக்கும் பாருங்க. எங்க, ஆ காட்டுங்க அப்பு, அம்மாவப் பாருங்க...

ஏன் என் கையப் பிடிக்கிறீங்க?

கோவாதான். எங்க வீட்டுக் கோவா. எதுலயா? இதென்ன கேள்வி, கோவா எதுல செய்வாங்க, பால்லதான். ஒரு சட்டிப் பாலச் சுண்டச் சுண்டக் கிண்டி, தண்ணியெல்லாம் போயி, பால் மட்டும் நின்னு...

...

பாலு, தயிரு, மோரு, நெய்யின்னுச்சு. கோவான்னு சொல்லல தாயி. டாக்டரம்மா வாயில கோவான்னு ஒரு வார்த்த வரல. எங்க வீட்டுல கோவாவ யாருமே பாலுன்னு சொல்ல மாட்டோம். பால்னா கேன்ல வர்றது. கோவான்னா சட்டில இருந்து எறங்குறது. அது வெள்ளையாக் கூட இல்ல. நகக்கண்ணு அளவுதான் தாயி. நகக்கண்ணு.

முந்தாநாள் கொஞ்சம் கூடவே வச்சேன்னு சொன்னனா? சொல்லிட்டனா?

இந்தாங்க, இத நீங்க பிடிங்க. மூடிய இறுக்கி மூடுங்க. பிள்ளைகிட்ட வராமத் தள்ளி வைங்க. வீட்டுக்குக் கொண்டு போங்க, நல்ல கோவா, ஒண்ணும் பழுது இல்ல. தண்ணி வச்சிருக்கீங்களா? சன்னலுக்கு வெளிய கைய நீட்டுறேன், ஊத்துங்க. இந்த விரல்ல. நகத்துக்குள்ள போகட்டும். ஊத்துங்க.

அந்தா, அந்தா நிக்கிறா. நான் வர்றேன்னு யாரு போன் போட்டாங்களோ. மகள இடுப்புல வச்சுக்கிட்டு வேகாத வெயில்ல நிக்கிறா, ஒரு முந்தானையத் தலையில போட்டா என்ன? முடிய வேற அவுத்துப் போட்டுக்கிட்டு. பாத்துட்டான்! தாவுறதப் பாருங்க தாயி, பெத்தவ மடிய ஒதச்சுக்கிட்டு எப்பிடித் தாவுறான் பாருங்க. என்னயப் பாத்து ஒரு நாளாவது இப்பிடித் தாவியிருக்கானா? கைய நீட்டிட்டா பாருங்க, அதுக்குள்ள.

பஸ் நின்னுருச்சு, நீங்களே தூக்கிச் சன்னல் வழியா அவகிட்டக் குடுத்துருங்க தாயி. என் கை இன்னும் சுத்தமாகல.